கால் அசைய இடம்

துணியின் நுனி எங்கே இருக்கிறதென்று மருத்துவருக்குத் தெரியவில்லை. மேசைமேல் கிடந்த குழந்தையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லச் சாய்த்துப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே ஒரு மடிப்பு, விலாவோரம் ஒரு மடிப்பு, பாதத்துக்கு அடியில் ஒரு செருகல். எதை இழுத்தாலும் இன்னொன்று இறுகியது. குழந்தையோ முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, தனக்கும் இந்தக் கலாட்டாவுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல அறையின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாருங்க கட்டினது? இப்படியே பார்சல் ஆபீஸ்ல கொடுத்தா ரசீது போட்டுடுவாங்க போலிருக்கே" என்று சிரித்தார் மருத்துவர்.

"இவர்தான் கட்டினாரு, டாக்டர். இவர் வேலையே அதுதான், கண்ணாடிச் சாமான் பேக் பண்றது. கடல் தாண்டிப் போனாலும் உடையாது" என்றாள் அவன் மனைவி. பிரசவத்துக்குப் பிறகு அவள் குரலில் இத்தனை தெம்பை அவன் கேட்டதில்லை.

அவனுக்குக் காது சூடாகியது. முன்னால் வந்து, குழந்தையின் இடது அக்குளுக்கு அடியில் இரண்டு விரலை விட்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். முழுத்துணியும் விட்டுக்கொடுத்தது. நன்றாகக் கட்டத் தெரிந்தவனுக்கு அது எங்கே அவிழும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சின்ன வித்தையை ஒரு டாக்டரின் முன்னால் செய்து காட்ட முடிந்ததில் அவனுக்குச் சந்தோஷம்.

மருத்துவர் எடை பார்த்தார். தொப்புள் காய்ந்திருப்பதைப் பார்த்துத் தலையசைத்தார். கடைசியாக இரண்டு முழங்கால்களையும் மடக்கித் தொடைகளை வெளிப்பக்கமாகத் தாழ்த்தினார். வலது தொடை மேசையைத் தொடுமளவுக்கு இலகுவாகச் சாய்ந்தது. இடது தொடை பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி செய்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவர் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு எப்போது போனதென்று அவன் கவனிக்கவில்லை; போயிருந்தது.

"காலையும் நேரா நீட்டி வெச்சுத்தான் கட்டுவீங்களா?"

"ஆமாங்க. நேரா நீட்டி, நல்லா இறுக்கி. அசைஞ்சாத்தானே முழிச்சுக்குது."

"எப்பலேருந்து?"

"வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்லேருந்து."

மருத்துவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பிறக்கும்போதே இந்தப் பக்கத்து மூட்டு கொஞ்சம் தளர்வா இருந்திருக்கலாம். ஆனா இந்த வயசுல இடுப்பு மூட்டு இன்னும் குழைவா இருக்கும். கிண்ணத்துல பந்து உக்கார்ற மாதிரி தொடை எலும்பு அதுல உக்காரணும். காலை நேரா இழுத்துக் கட்டினா பந்து வழுக்கிக்கிட்டு வெளிய வரப் பார்க்கும். துணி சுத்தவே கூடாதுன்னு சொல்லல. மேல நெஞ்சுக்கிட்ட அளவா சுத்துங்க. இடுப்புக்குக் கீழ பை மாதிரி தொளதொளன்னு இருக்கணும். பாப்பா காலை மடக்கி, விரிச்சு, உதைச்சு விளையாடணும். அசைய இடம் இருந்தாத்தான் மூட்டு ஒழுங்கா வளரும்."

"நான் கட்டினதாலதான் இப்படி ஆச்சா?"

"அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க."

ஆமாம் என்றிருந்தால் அவன் தாங்கியிருப்பான். இல்லை என்றிருந்தால் அழுதிருப்பான். இந்தப் பதில் எந்தப் பக்கம் பிடித்தாலும் கைக்குள் அடங்காத சாமானாக இருந்தது.

கிடங்கில் அவனை 'முடிச்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். கோப்பைகள், விளக்குக் கூண்டுகள், சட்டம் போடாத கண்ணாடிகள் என்று எது வந்தாலும் சிக்கலானது அவன் மேசைக்குத்தான் போகும். பெட்டியை மூடியதும் காதருகே தூக்கி ஒருமுறை குலுக்குவான். உள்ளே ஒரு சின்னக் கிணுக்கம் கேட்டாலும் மொத்தத்தையும் பிரித்து மறுபடி கட்டுவான். வெளியே விழும் இடியைவிட உள்ளே இருக்கும் ஆட்டம்தான் பொருளை உடைக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்டிருந்தான். அந்த ஒன்றை வைத்துத்தான் பிழைப்பு ஓடியது. அதே கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டான்.

குழந்தை வந்தபோது அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பயம் ஒன்றுதான். அறுவைசிகிச்சை முடிந்த மனைவியால் குனிய முடியவில்லை. எல்லாம் அவன் கைக்கு வந்தது, எல்லாவற்றையும் அவன் சொதப்பினான். குளிக்கவைக்கும் தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்க்கச் சொன்னார்கள். சட்டைக் கையை மடிக்காமலேயே விட்டு நனைத்துக்கொண்டான். பால் குடித்த பிறகு தோளில் சாய்த்து முதுகைத் தட்டச் சொன்னால் விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்தான். "என்ன, தூசி தட்றீங்களா?" என்று படுக்கையிலிருந்து சிரித்தவள், தையல் வலிக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கழுத்து நிற்காத அந்தத் தலையை ஒவ்வொரு முறை தாங்கும்போதும் அவன் மூச்சை நிறுத்திக்கொள்வான்.

பிறகு ஒரு மத்தியானம் குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, எங்கிருந்தோ விழுவதுபோல வீறிட்டது. தூங்கவைத்தால் மறுபடி அதேதான். அவன் மெல்லிய போர்வை ஒன்றை மேசையில் விரித்தான். கை அதுபாட்டுக்கு வேலையைச் செய்தது. மூலையை மடித்தான், குழந்தையைக் கிடத்தினான், இழுத்தான், செருகினான். கட்டி முடித்ததும் குழந்தை ஒரு பெருமூச்சு விட்டு உறங்கிப்போனது. பக்கத்தில் அவளும் வாயைத் திறந்தபடி உறங்கிப்போனாள். இரண்டு தூக்கங்களுக்கும் நடுவில் அவன் அசையாமல் நின்றான். அப்பா என்ற சொல் அதுவரை யாரோ கொடுத்த சட்டைபோலத் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அளவு சரியாக இருந்தது.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பேருந்தில் அவனுக்கு வேறொன்று நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை கட்டும்போதும் குழந்தையின் இடது முழங்கால் மேலே எழும்பி அவன் உள்ளங்கையில் முட்டும். அவன் "ஷ்ஷ்" என்று சொல்லி, அதைப் பதமாக அழுத்தி நீட்டி, அது மறுபடி எழும்புவதற்குள் துணியை மடித்துவிடுவான். அழுத்தியது துளிகூட வன்மையாக இல்லை. எவ்வளவு மெதுவாக அழுத்தினான் என்பதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது.

குழந்தைக்கு வார்ப்பட்டை போட்டார்கள். தோளிலிருந்து இறங்கி, மார்பைச் சுற்றி, இரண்டு பாதங்களையும் பிடித்து, கால்களைத் தவளைபோல மடக்கி விரித்து வைத்திருக்கும் வார்கள். இரவும் பகலும் அது உடம்பிலேயே இருக்க வேண்டும், நீங்களாகக் கழற்றக் கூடாது என்றார்கள். நாப்கின் மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கையைக் கொடுத்து உயர்த்த வேண்டும். வாருக்கடியில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும். தூக்கும்போது மார்போடு அணைத்து, கால்கள் இரண்டு பக்கமும் விரிந்திருக்கும்படி பிடித்துக்கொண்டால் மிகவும் நல்லது. அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அதில் ஒன்றையும் செய்யவில்லை.

மற்ற வேலையெல்லாம் செய்தான். துணி துவைத்தான், வெந்நீர் வைத்தான், நாப்கின்களை ஓரம் பிசகாமல் அடுக்கினான். அவள் கேட்பதற்கு முன்பே தண்ணீர்ச் செம்பு அவள் பக்கத்தில் இருக்கும். குழந்தையை மட்டும் தொடவில்லை. அது அழுதால் எழுந்து நின்றுகொள்வான், வீட்டுக்கு வந்த விருந்தாளி நிற்பதுபோல.

கிடங்கிலும் கை முன்போல ஓடவில்லை. கோப்பைகளுக்கு நடுவில் காகிதத்தைத் திணிக்கும்போது விரல் தயங்கியது. மேற்பார்வையாளர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவன் மேசையில் வைத்துக் குலுக்கிக் காட்டினார். "என்ன முடிச்சு இது? அப்பா ஆனதும் கிலுகிலுப்பை செய்ய ஆரம்பிச்சுட்டியா?" பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான். பெட்டியைப் பிரித்தான். உள்ளே எதுவும் உடைந்திருக்கவில்லை. வெகுநேரம் அந்தக் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விடுமுறை நாள் ஒன்றின் காலையில் அவள் குழந்தையை ஏந்திக்கொண்டு அவன்முன் வந்து நின்றாள். "பிடிங்க. தலைக்கு ஊத்திட்டு வந்துடறேன். பால் வாடை எனக்கே குமட்டுது."

"படுக்க வெச்சுட்டுப் போ. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

"பக்கத்துல உக்கார வாட்ச்மேன் போதுமே. அப்பா எதுக்கு?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். "எனக்குத் தைரியம் வரல. இந்தக் கை சரியில்ல."

"ஓ. உங்க கை சரியில்ல, என் வயிறு சரியில்ல. நல்ல ஜோடிதான்." அவள் குரல் உயரவில்லை. "கடைசிவரைக்கும் தலை கீழ திரும்பாம, கால் மடங்கி என் வயித்துக்குள்ளயே உக்காந்துட்டு இருந்துச்சே, அதனாலயும் இப்படி வருமாம். அன்னிக்கு நீங்க வெளிய போனப்ப டாக்டர்கிட்ட கேட்டேன். அப்ப நானும் தொடாம இருந்துடட்டுமா? பால் யார் கொடுப்பா?"

அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீங்க கட்டும்போது அது காலைத் தூக்கித் தூக்கி உதைச்சதை நானும் பார்த்துக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். ஒருநாள்கூட வேண்டாம்னு சொல்லல. எப்படியோ தூங்கட்டும், நானும் தூங்கணும்னு இருந்துச்சு." குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: "பாப்பாவுக்கு இடுப்பு ஒண்ணுதான் சரியில்லன்னு நினைச்சேன். இப்ப அப்பாவும் இல்ல."

குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டுக் குளியலறைக்குப் போனாள். கதவைத் தாழிடவில்லை. தண்ணீர் விழும் சத்தம் தொடங்கியதும் குழந்தை சிணுங்கியது. அவன் மண்டியிட்டான். சிணுங்கல் அழுகையானது. அடியில் கையைக் கொடுக்கலாம் என்று நீட்டினான். வாரில் விரல் பட்டதும் சுட்டதுபோல எடுத்துக்கொண்டான். குழந்தை முகம் சிவந்து, மூச்சுப் பிடித்து வீறிட்டது. "இங்க வாயேன், கொஞ்சம் சீக்கிரம் வாயேன்" என்று அவன் கூப்பிட்ட குரல் அவனுக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. அவள் தலை நிறைய நுரையோடு ஓடிவந்து குழந்தையை வாரி எடுத்தாள். அவள் கூந்தலிலிருந்து சோப்புத் தண்ணீர் வார்மேல் சொட்டியது. அவன் துண்டால் ஒற்றி எடுத்தான். குழந்தையின் மேல் படாமல், வாரை மட்டும்.

இடுப்பை ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் நாள் வந்தது. மூட்டு கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தால் வார் இன்னும் கொஞ்சகாலம். இல்லையென்றால் மயக்கம் கொடுத்து மாவுக்கட்டு போட வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் பையில் மாற்றுத்துணி எடுத்து வைத்தாள், அவன் பையின் வாயை இழுத்து மூடினான்.

நீளமான நடைவழி. இரண்டு பக்கமும் பெஞ்சுகள், அவற்றில் குழந்தைகளோடு ஆட்கள். எதிரே ஒருவர் தன் பையனை முழங்காலில் நிறுத்திக் குதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். அவன் பார்வையை நகர்த்திக்கொண்டான். வெகுநேரம் காத்திருந்தார்கள். அவள் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினாள், எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள். அவள் நெற்றியில் வியர்வை பூத்திருந்ததையும், மூச்சு விடும்போது தையல் இருந்த பக்கம் உடம்பு லேசாக ஒடுங்கியதையும் அவன் பார்த்தான்.

"கொடேன்" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். குழந்தையை அவன் மார்பில் சாய்த்துவிட்டுத் தன் கைகளை எடுத்துக்கொண்டாள்.

ஒரு கணம் அவன் இரண்டு கைகளும் காற்றில் நின்றன. குழந்தை கொஞ்சம் கீழே நழுவியது. அதற்குள் ஒரு உள்ளங்கை அடியில் போயிருந்தது, இன்னொன்று கழுத்துக்குப் பின்னால். கிடங்கில் அவன் தூக்கிய எந்தப் பெட்டியும் இப்படி இருந்ததில்லை. இது கைக்குள் நெளிந்தது, சாய்ந்தது, மூக்கை அவன் சட்டைப் பொத்தானில் தேய்த்தது, ஏப்பம் விட்டது. விரிந்த கால்கள் அவன் விலாவின் இரண்டு பக்கமும் வந்து பதிந்தன. அவன் எதையும் அழுத்தவில்லை. எவ்வளவு தளர்வாகப் பிடித்தால் விழாது என்று மட்டும் கை மெல்ல மெல்லத் தேடிக்கொண்டிருந்தது.

"தூசி தட்டாதீங்க, நல்லா தட்டுங்க" என்றாள் அவள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

உள்ளே இருந்து அவர்களைக் கூப்பிட்டார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். உள்ளே அறை இருட்டாக இருந்தது. திரையின் நீல வெளிச்சம் மட்டும் வாசல்வரை வந்து தரையில் கிடந்தது. அவன் எழுந்தான். நடக்க நடக்க, அவன் உடம்பின் இரு பக்கமும் வாருக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சின்னப் பாதங்கள், தண்ணீரில் இறங்கியவைபோலக் காற்றை உதைக்கத் தொடங்கின. முதலில் வலது. சற்றுப் பொறுத்து, இடது.