பட்டியின் வாசல்

பானை ஓடுகள் கிடைத்த இடத்தை விட்டுக் குழாயைத் தள்ளிப் போடச் சொன்னவள் நான்தான். பலாப்யே நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய். பள்ளம் தோண்டும்போது பழங்காலத்துப் பொருள் எதுவும் நொறுங்காமல் பார்ப்பது என் வேலை. மேற்பார்வையாளர் ட்செனோலோ மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டான். அசடு நான், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், குழாய்க்கான சுண்ணாம்புக் கோடு அந்தப் பழைய ஊரின் நடுத்திடலில் நேராக ஓடியது.

"ஓடு ஒண்ணுகூட இல்லாத எடமாப் பாத்துப் போட்டிருக்கேன். சந்தோஷமா?" என்றான்.

ஓடு எப்படி இருக்கும்? அந்தக் காலத்தில் சுற்றிலும் வளையமாக வீடுகள், நடுவில் மாட்டுப்பட்டி. பட்டிக்குள் யார் பானை வைப்பார்கள்? மண்வெட்டியால் ஒரு சாண் சீவினேன். சாம்பல்போல் வெள்ளையாகப் பொடிந்தது. ஆயிரம் வருடத்துச் சாணம்.

"சாணிக்கெல்லாம் வேலைய நிறுத்தணுமா?" என்றான் ட்செனோலோ. தலைநகரில் பிறந்தவன்; ஒரு கன்றைக்கூட ஓட்டிப் பழகாதவன்.

பொக்லைன் உறுமிக்கொண்டு வந்தது. நான் போய்க் கோட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அதை ஓட்டி வந்த ம்மொலோகி எங்கள் ஊர்க்காரர். தலையை வெளியே நீட்டினார்.

"எந்திரி தங்கச்சி. வெயில் ஏறுதுல்ல."

"அண்ணே, உங்க தாத்தாவ எங்க பொதைச்சாங்க?"

"நம்ம வழக்கப்படி எங்க பட்டியிலதான்."

"பட்டியில எந்த எடத்துல?"

"வாசல்கிட்ட..." என்றவர் கீழே வெள்ளை மண்ணைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"அடுத்தவன் பட்டிக்குள்ள கேக்காம நொழைய மாட்டேன் சார். வேற ஆளப் பாத்துக்குங்க."

ட்செனோலோ தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சரி, சுத்திப் போறேன். கிழக்க பாறை. மேக்கதான் போவணும். அங்க சோளம் நிக்குதே, யாரோடது?"

அவனுக்குத் தெரியும். இரண்டு வருட வறட்சிக்குப் பிறகு கதிர் வைத்த சோளம், இன்னும் இருபது நாளில் அறுப்பு.

"என்னோடதுதான். போடு கோட்ட."

ம்மொலோகியும் நானும் மதியம்வரை அறுத்தோம். பால் பிடித்த பச்சைக் கதிர்கள், ஆட்டுக்குத்தான் ஆகும். அழுதேன். அறுப்பதை நிறுத்தவில்லை.

ஒரு மாதம் கழித்து அருங்காட்சியகத்தார் பட்டியைத் தோண்டினார்கள். வாசலருகே ஒரு மனிதர், முழங்கால்களை மடக்கி உட்காரவைத்தபடி இருந்தார். எங்கள் வழக்கப்படி முகம் மேற்கே. நேர் எதிரே என் மொட்டை வயல்.

குழியோரம் குந்தினேன். "நல்லாப் பாத்துக்குங்க ஐயா. இந்த வருஷம் எங்க வீட்டுல கஞ்சி இல்லன்னா, அது உங்களாலதான்."

அவரை எடுத்துப் போகலாமா என்று கேட்டார்கள்.

"கை வைக்கக் கூடாது. மூடுங்க. அடுத்த மழைக்கு வெதைக்கப் போறேன், அதையும் அவரு பாக்கட்டும்."