அப்படி யாரும் இங்கே இல்லை

இல்லத்தின் முன்னறை மேசை பதினோரு வருடமாக ரைட்டரம்மாவின் பொறுப்பில் இருந்தது. கன்னியர் மடம் நடத்தும் இல்லம் அது. ரயிலடியிலும் கடை வாசலிலும் கேட்பாரற்றுக் கிடந்தவர்களை அங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். இறக்கினதும் முதல் வேலை படிவம். பெயர், ஊர், வயது, அங்க அடையாளம். பேசத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மற்றவர்களுக்கு ரைட்டரம்மா கண்ணால் பார்த்ததை எழுதிக்கொள்வாள். அதற்கப்புறம்தான் குளியல், மொட்டை, புது உடுப்பு. மாதக்கணக்கில் தண்ணீர் படாத உடம்பில் அடையாளம் எங்கே தெரியப் போகிறது? பாதிப் படிவங்களில் அந்தக் கட்டத்தில் ‘எதுவுமில்லை’ என்றுதான் இருக்கும்.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தொலைந்தவரைத் தேடி யார் வந்தாலும் கட்டில் கட்டிலாகப் பார்க்க விடுவதில்லை. முன்பு ஒருவன் “என் மாமா” என்று சொல்லி ஒரு கிழவரைக் கூட்டிப்போய்ச் சந்தை வாசலில் பிச்சைக்கு உட்கார்த்தி வைத்துவிட்டான். அன்றிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. வந்தவர் முன்னறையில் உட்கார்ந்து அடையாளம் சொல்ல வேண்டும். ரைட்டரம்மா அதை எழுதிக்கொண்டு எழுந்து போய்த் தண்ணியக்காவிடம் கேட்க வேண்டும். பெண்கள் பகுதியில் எல்லோரையும் குளிப்பாட்டுகிறவள் தண்ணியக்கா. எந்த முதுகில் எந்த மச்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

அந்தத் திங்கட்கிழமை இருவருக்கும் முட்டிக்கொண்டது. மறுவாரம் உதவி செய்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள், எல்லோரையும் எட்டு மணிக்குள் குளிப்பாட்டி வரிசையாக உட்கார வைக்க வேண்டும் என்று ரைட்டரம்மா சொல்லப் போக, தண்ணியக்கா வாளியை நங்கென்று கீழே வைத்தாள்.

“இவங்க என்ன கடையில அடுக்கி வைக்கிற சோப்புக்கட்டியா? வெந்நீர் காயறதுக்கே ஏழு ஆகுது. நீங்க வந்து ஒரு நாளைக்கு முதுகு தேச்சுவிட்டுப் பாருங்க. உங்களுக்கு இவங்கள்லாம் எழுத்து. எனக்கு உடம்பு.”

“அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவ எனக்குப் பாடம் எடுக்க வேணாம்.”

சொன்ன பிறகுதான் ரைட்டரம்மாவுக்கே சுருக்கென்றது. ஆனால் சொன்ன வாயை மூடுவதும் மன்னிப்புக் கேட்பதும் வேறு வேறு காரியங்கள். முதலாவதைத்தான் செய்தாள். தண்ணியக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அதுவேண்டும் இதுவேண்டும் என்றால் சமையற்காரம்மா நடுவில் தூது போனாள்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு ஒரு தையல்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தவர் போல அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“எங்கம்மாவைக் காணோங்க. ஆறு மாசமாச்சு. மறதி வியாதி. தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு கிளம்பினவங்க போய்ச் சேரலை.”

ஒரு போட்டோவை நீட்டினார். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. பூசினாற்போல் உடம்பு, தோளுக்கு முன்னால் இழுத்து விட்ட இடுப்பு வரைக்குமான பின்னல், பாதி பேச்சில் திறந்த வாய்.

“நல்லாப் பேசுவாங்களோ?” என்றாள் ரைட்டரம்மா.

“நல்லாவா? பஸ்ல ஏறினா இறங்கறதுக்குள்ள கண்டக்டர் பொண்டாட்டிக்கு எத்தனை பிரசவம்னு கேட்டு வச்சிருப்பாங்க.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “அங்க அடையாளம்னா, இடது முழங்கைக்குக் கீழ தீக்காயத் தழும்பு. நான்தான் அம்மாவுக்குச் சட்டை தைக்கிறது. இடது கை மட்டும் ரெண்டு விரல் நீளமா வைப்பேன், தழும்பு மறையணும்னு. அதை யாரும் பார்த்துடக் கூடாது அவங்களுக்கு.”

ரைட்டரம்மா போட்டோவின் பின்பக்கம் அதை எழுதிக்கொண்டாள். பெண்கள் பகுதியின் முப்பத்தாறு முகங்களையும் மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தாள். பூசின உடம்புக்காரி யார்? பேச்சுக்காரி யார்? ஒருத்தியும் தட்டுப்படவில்லை. எழுந்து போய்த் தண்ணியக்காவிடம் கேட்டிருக்க வேண்டும். நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூடத் தள்ளினாள். குளியலறைப் பக்கமிருந்து தண்ணியக்காவின் குரல் யாரையோ அதட்டியது கேட்டது. நேற்றுத்தானே அப்படிப் பேசினோம், இன்றைக்கு நாமே போய் அவள் முன்னால் நிற்பதா என்று தோன்றியது. தெரிந்த பதிலைக் கேட்க எதற்கு நடை என்றும் தோன்றியது. நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“அப்படி யாரும் இங்கே இல்லைங்க.”

தையல்காரர் தலையாட்டினார். பல இடங்களில் கேட்டுப் பழகின தலையாட்டல். முகவரியும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார். “போட்டோ உங்ககிட்டயே இருக்கட்டும். யாராச்சும் வந்தா பாருங்க” என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனார்.

அன்று சாயங்காலம் ஜெபத்தில், இங்கே இருப்பவர்களைத் தேடி அலைகிறவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வோம் என்று மடத்துத் தலைவியான மதர் சொன்னார்கள். ரைட்டரம்மாவும் எல்லோரோடும் சேர்ந்து கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள்.

பெண்கள் பகுதியில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவளுக்கு முடிச்சம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐந்து மாதம் முன்பு ரயிலடியிலிருந்து வந்தவள். சடை பிடித்துப் பேன் மொய்த்த தலையை வந்த அன்றே மழித்தாயிற்று. எலும்பும் தோலுமாக இருந்தாள். வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. போர்வை நுனியில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருப்பாள். தையல்காரர் வந்துபோன ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை விடியற்காலையில், காய்ச்சல் கண்டு இரண்டே நாளில் அவள் போய்விட்டாள். டாக்டர் வந்து பார்த்தார், போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லியாயிற்று, மத்தியானம் ஜெபம் சொல்லி இல்லத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

இறப்புப் பதிவேட்டில் அங்க அடையாளத்தைக் குளிப்பாட்டுகிறவள் சொல்ல, ரைட்டரம்மா எழுத வேண்டும். அதை அன்றே செய்திருந்தால் மண் மூடுவதற்குள் தெரிந்திருக்கும். இருவருக்கும் பேச்சு இல்லையே. சனிக்கிழமை மதர் பதிவேட்டைக் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் ரைட்டரம்மா தண்ணியக்காவைக் கூப்பிட்டனுப்பினாள்.

தண்ணியக்கா வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “வலது காது மடல் கிழிஞ்சிருக்கும். முதுகுல ரெண்டு மச்சம். இடது முழங்கைக்குக் கீழ தீக்காயத் தழும்பு.”

பேனா நின்றது.

“எழுதுங்க. தீக்காயம். பாவம், எந்தச் சட்டையைப் போட்டுவிட்டாலும் இடது கையை மட்டும் கீழ கீழ இழுத்து விட்டுக்கும். துணி சின்னதோன்னு நான் பெரிய சைஸு கூட மாத்திப் பார்த்தேன். அப்பவும் இழுக்கும்.” ரைட்டரம்மாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தாள். “என்னாச்சுங்க? ஏன் இப்படி வேர்க்குது?”

ரைட்டரம்மா இழுப்பறையைத் திறந்து போட்டோவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். தண்ணியக்கா தலைமுடியையும் கன்னத்தையும் விரலால் மறைத்துவிட்டுக் கண்களை மட்டும் பார்த்தாள். பிறகு திருப்பினாள். பின்னால் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“எப்ப வந்தாங்க?”

“போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய்.”

“நான் உள்ளதான இருந்தேன்?”

“இருந்தே.”

தண்ணியக்கா திட்டுவாள் என்று காத்திருந்தாள் ரைட்டரம்மா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போட்டோவை மேசையில் வைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மதர் முழுவதையும் கேட்டார்கள். ஜெபமாலையை விரலில் உருட்டிக்கொண்டே, “அவங்க இங்க இருந்தாங்க, காலமாயிட்டாங்கன்னு சொல்லித்தான் ஆகணும். ஆனா அவர் வந்த அன்னிக்கே இங்கதான் இருந்தாங்கன்னு... அந்த மனுஷன் இனிமே எப்படிம்மா தூங்குவார்?” என்றார்கள். “நான் மறைக்கச் சொல்லலை. உன் மனசாட்சிக்கு விட்டுடறேன்.”

போனில் சொல்ல ரைட்டரம்மாவுக்கு நா எழவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தாள். எத்தனையோ குடும்பங்களுக்கு எத்தனையோ துக்கச் செய்தி எழுதின கை. தங்கள் தாயார், தாங்கள் வந்து சென்ற சில தினங்களில் எங்களிடம் வந்து சேர்ந்தார் என்று ஒரு வரி எழுதினாள். அழகான வரி. எல்லோருக்கும் நல்லது, மகனுக்கும் நல்லது, இல்லத்துக்கும் நல்லது, தனக்கும் நல்லது. பதிவேட்டில் ஒரே ஒரு தேதியை மாற்றினால் போதும். அந்த வரியை மூன்று தடவை படித்தாள். தனக்கு எவ்வளவு நல்லது என்பது மூன்றாம் தடவைதான் உறைத்தது. காகிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

வேறு தாளில் எழுதினாள்: ‘தாங்கள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தபோது தங்கள் தாயார் எங்கள் இல்லத்தில் உயிரோடு இருந்தார். விசாரிக்க வேண்டியவரிடம் விசாரிக்காமல், இல்லை என்று சொல்லித் தங்களைத் திருப்பி அனுப்பியது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.’

தபாலில் சேர்த்த நான்காம் நாள் தையல்காரர் வந்தார். கூச்சல் போடவில்லை. அன்று உட்கார்ந்த அதே நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார்.

“இங்கதான உட்கார்ந்திருந்தேன்?”

“ஆமாங்க.”

“அம்மா கட்டில் எங்க?”

ரைட்டரம்மா முன்னால் நடந்தாள். பின்னால் அவர் அடிகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். மருந்தறை, தண்ணீர்ப் பானை, கதவு, ஜன்னல். ஐம்பத்திரண்டில் நின்றார். கட்டிலில் இப்போது வேறொரு பெண் சுருண்டு படுத்திருந்தாள்.

“ஐம்பத்திரண்டு” என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். “நான் அன்னிக்கு நாலு ஊர் போயிட்டு வந்தேன்.”

தண்ணியக்கா அவரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டாமல், நேராக முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். ரைட்டரம்மா எழுந்து நின்றாள்.

“என்னை ஏதாச்சும் சொல்லுங்கய்யா” என்றாள்.

“என்ன சொல்றது? சொல்ற அளவுக்கு இன்னும் எனக்குள்ள எதுவும் வரலை. தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. அவ வீட்டுக்குக் கிளம்பினவங்கதான அம்மா? ஆறு மாசமா தினம் போன் பண்ணிக் கேட்கிறா. அவகிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்? நீங்களே எழுதிடுங்க. எனக்கு எழுதின மாதிரியே.”

ரைட்டரம்மா உட்கார்ந்து தாளை எடுத்தாள். அவர் தங்கையின் முகவரியைச் சொன்னார், எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் செவ்வாய்க்கிழமையையும் எழுதணுங்களா?” என்று மெல்லக் கேட்டாள்.

அவர் கழுத்து நாடாவை உருவிக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

“எழுதுங்க” என்றார். “நான் மட்டும் வச்சுக்க முடியாது.”