கவிழ்த்து வைத்த கிளாஸ்

"பேசத்தான்மே கூப்ட்டிருக்காங்க, குடிக்கிறதுக்கு இல்ல..."

"பேசறதுக்கு எதுக்குய்யா பாரு? பார்க்குல உக்காந்து பேசு, பஸ் ஸ்டாப்புல நின்னு பேசு..."

"பழைய கஸ்டமர்னு மரியாதைக்குக் கூப்ட்டா..."

"ஆமா, பட்டம் குடுக்கப் போறாங்க. சால்வை போத்தி, போட்டோ புடிச்சி, கையில ஒரு கிளாஸக் குடுப்பாங்க. நீயும் அத ஓரமா வெச்சிட்டு வருவ. நான் நம்பணும்."

பச்சைமுத்து சட்டைப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டி, கழற்றி, மறுபடியும் அதே ஓட்டையில் மாட்டினார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டயர் மாற்றிய கை. கல்யாணத்துக்கு எடுக்கிற சட்டை அது. பாருக்காக அதை இஸ்திரி போட்டிருந்ததைப் பெண்டாட்டி தனக்கோடி மேலும் கீழும் பார்த்தாள்.

ஜீவனஹள்ளியில் தனக்கோடிக்கு ஒரு பெயர் உண்டு. மகளிர் சங்கத்துத் தலைவி அவள். செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்ததும் குடிகாரப் புருஷன் வாய்த்தவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவளும் சொல்லுவாள். ஒரு தை மாதம், சபரிமலை போய்த் திரும்பிய மனுஷன் வீட்டு வாசலில் பொத்தென்று உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார், "இனிமே தொடமாட்டேன் தனம்" என்றார், இன்றுவரை தொடவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்கு, "நான் சண்டையே போடலடி. அவரு மாலை போட்டிருந்த நாளெல்லாம் நானும் ஒரு வேளை பட்டினி. அதான் கரைஞ்சிட்டாரு" என்பாள். அந்தக் கதையை நம்பி ஜீவனஹள்ளியில் நாலைந்து பெண்கள் இளைத்துப் போனார்கள். புருஷன்மார் அப்படியேதான் இருந்தார்கள்.

"சரி கெளம்பு. நானும் வரேன்," என்றாள்.

"பாருக்கா? நீயா?"

"நீ பேசு. நான் உன் வாயப் பாத்துக்கினு இருக்கேன்."

தெருமுனையில் ஹெர்பர்ட் தொப்பியோடு காத்திருந்தார். பச்சைமுத்துவின் பழைய கூட்டாளி, எலக்ட்ரீஷியன். வாழ்க்கையில் அவர் விட்டது அந்த வேலை ஒன்றைத்தான்.

மூவரும் காக்ஸ் டவுன் பக்கமாக நடந்தார்கள். நடை என்று சொல்ல முடியாது. பத்தடிக்கு ஒரு தரம் ஆண்கள் இருவரும் நின்று, எதிர்ப்பக்கம் பார்த்து, பெருமூச்சு விட்டார்கள்.

"கமலா பார் இங்கதானடா?"

"இப்ப பல் டாக்டரு, மச்சான்."

"அப்பவும் பல்லு போற எடம்தான்," என்றாள் தனக்கோடி. "உன் முன்பல்லு எங்க போச்சுன்னு நெனச்ச?"

பச்சைமுத்து நாக்கால் அந்த இடைவெளியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"டாலி வைன்ஸு?"

"செல்போன் கடை. அந்த மூலையில இருந்துச்சே, நின்னுக்கினே குடிக்கிற கடை, அது அபார்ட்மென்ட்டுக்கு கார் நிறுத்தற எடமாயிடுச்சு." ஹெர்பர்ட் தொப்பியைக் கழற்றினார்.

"எங்க மாமியா சாவுக்கு வந்தப்ப தொப்பியக் கழட்டினியா ஹெர்பர்ட்டு?"

"அன்னிக்கு மழைக்கா."

இருவரும் வழக்கமாகக் குடித்த மூன்லைட் பார் இருந்த இடத்தில்தான், இன்று கூப்பிட்டிருந்த புதுக்கடை. பெயரைக்கூட மாற்றவில்லை. வாசலெல்லாம் கண்ணாடி, உள்ளே தொட்டிச் செடிகள், பீரை அங்கேயே காய்ச்சுகிற ஆளுயரச் செம்புப் பானைகள். சுவரில் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. பழைய மூன்லைட்டில் காரை தானாக உதிரும். இங்கே கூலி கொடுத்து உதிர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பையன்களும் பெண்களும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆபீஸில் இருப்பதுபோலக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அங்கிள், பன்னி பன்னி!" என்று கன்னடத்தில் வரவேற்றபடி ஓடி வந்தாள் ரக்ஷா. பழைய வாடிக்கைக்காரர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, போட்டோவோடு அந்தச் செங்கல் சுவரில் மாட்டுவது அவள் வேலை. "ஆண்ட்டியும் மூன்லைட் ரெகுலரா?"

"ஆமாம்மா. வாசல் வரைக்கும்."

ரக்ஷாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள். மூவரையும் உட்கார வைத்து, போனை மேசை நடுவில் சாய்த்து நிறுத்தினாள். "ஏதாவது யூனிக்கா சொல்லுங்க அங்கிள். இப்ப எந்தப் பப்லயும் இல்லாத ஒரு பழக்கம்."

பச்சைமுத்து தொண்டையைக் கனைத்தார். "மூன்லைட்டுன்னா ப்ரஹ்லாத் அண்ணா. ஓனரு. பேரு ப்ரஹ்லாத்து, விக்கறது பிராந்தி. ஆனா பக்தியில..."

"கிளாஸச் சொல்லுடா," என்றார் ஹெர்பர்ட்.

"இருடா, வரேன்."

"இவன் வரமாட்டாம்மா, நான் சொல்றேன். ரெகுலர் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கிளாஸு. ஐயப்பனுக்கு மாலை போட்டுட்டான்னா, அண்ணா அவன் கிளாஸக் கழுவி, புள்ளையார் படத்துக்குக் கீழ பலகையில கவுத்து வெச்சிருவாரு. வேற எவனும் தொடக் கூடாது. மாலை போட்ட சாமிங்க உள்ள கால் வைக்க மாட்டாங்க, வாசல்ல நின்னு சோடா குடிச்சிட்டுப் போவாங்க. எங்களுக்கும் தவக்காலத்துல அதே மரியாதைதான். என் கிளாஸு ரெண்டு நாள் கவுந்திருக்கும்."

"நாப்பது நாள் இல்ல?"

"அது சர்ச்சுக் கணக்கும்மா. மாலையக் கழட்டிட்டு வந்தா, அண்ணா கையாலதான் கிளாஸ நிமித்தணும். மொதல் ரவுண்டு அவரு கணக்கு. தானா நிமித்திக்கினா தோஷம்."

"சோ ஸ்வீட்!" என்றாள் ரக்ஷா. "அப்புறம் ஏன் மூடினாங்க?"

"அத இவனத்தான் கேக்கணும்."

"ஹெர்பர்ட்டு, அது வேணாம்டா," என்றார் பச்சைமுத்து.

"வேணாமா? அதான்டா கதையே! கேளும்மா. இவன் மலையிலருந்து வந்தான். கோயில்ல மாலையக் கழட்டினான். வீட்டுக்குக்கூடப் போகல, நேரா இங்க. பாத்தா ஷட்டர்ல இம்மாம் பெரிய பூட்டு. அண்ணா கடைய வித்துட்டு ஊருக்குப் போயிட்டாரு, ஒருத்தர்கிட்டயும் சொல்லல. இவன் ஷட்டரப் போட்டுத் தட்டறான். 'அண்ணா, என் கிளாஸு உள்ள கவுந்து கெடக்கே'ன்னு ஒரே அழுகை. கமலாவுக்கு வாடான்னு கையப் புடிச்சி இழுத்தேன். வரலயே! 'அண்ணா நிமித்தாம வேற எவன் கடையிலயும் தொடமாட்டேன்'னு சத்தியம் பண்ணிட்டு, அழுதுக்கினே வீட்டுக்குப் போனவன்தான். அண்ணா அப்புறம் இந்தப் பக்கமே வரல. இவனும் தொடல. ஒரு பாருக்கு இவ்ளோ உண்மையா இருந்தவன நீ எங்கனா பாத்திருக்கியாம்மா?"

ரக்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத நடுச்சுவர்ல மாட்டறோம் அங்கிள். பெரிய எழுத்துல." எழுந்து கவுண்டர் பக்கம் ஓடினாள்.

தனக்கோடி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அழுகை அவள் வாசலில் தொடங்கியதல்ல. ஷட்டரில் தொடங்கி, வழியெல்லாம் சிந்தி, மிச்சம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது. அந்த மிச்சத்தை வைத்துத்தான் அவள் ஒரு சங்கமே நடத்தியிருக்கிறாள்.

"அப்ப அது எனக்காக இல்ல," என்றாள்.

"இன்னாம்மே இப்ப? விட்டேன்ல?"

"யாருக்காக விட்டன்னு கேக்கறேன்."

"யாருக்காக விட்டா இன்னா? அதுக்கப்புறம் எங்கனா விழுந்து கெடந்தனா? உன்ன ஒரு வார்த்த சொன்னனா?"

"ஊருக்கெல்லாம் பட்டினி கெடக்கச் சொன்னேன்யா. எம் புருஷன் எனக்காக விட்டாருன்னு மைக்கப் புடிச்சி சொன்னேன். கடையில பூட்டு போடச் சொல்லுங்கடின்னு சொல்லியிருந்தா, பாவம், அதுங்க மூணு வேளையும் தின்னிருக்கும்."

"நீ கேக்கலியே தனம்."

"அழுவுற மனுஷன்கிட்ட யாருக்காக அழுவுறன்னு கேப்பாங்களா?"

ஹெர்பர்ட் மெனு கார்டைத் தலைகீழாகப் பிடித்து ஊன்றிப் படித்தார்.

"அப்ப நீயும் பட்டினி கெடந்தன்னு எனக்குத் தெரியாதும்மே," என்றார் பச்சைமுத்து, தணிந்த குரலில்.

"தெரிஞ்சிருந்தா?"

அதற்கு அவர் வாயைத் திறப்பதற்குள் ரக்ஷா தட்டோடு வந்துவிட்டாள். உயரமான கிளாஸ், மேலே ஒரு விரல் நுரை. "ஆன் தி ஹவுஸ் அங்கிள்! பழைய மூன்லைட்டோட கடைசி கஸ்டமருக்குப் புது மூன்லைட்டோட மரியாதை."

பச்சைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒற்றை விரலால் கிளாஸைத் தள்ளினார். "இல்லம்மா. நான் தொடறதில்ல." சொல்லிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளைபோலப் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார்.

"அண்ணாவுக்குக் குடுத்த வாக்கு," என்று ஹெர்பர்ட் எடுத்துக் கொடுத்தார்.

தனக்கோடி அந்த கிளாஸை எடுத்தாள். அடியில் வழிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். புருஷன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவருக்குச் சோறு வைத்த அதே கவனத்தோடு வைத்தாள்.

"குடிய்யா. சொட்டு விடாம குடிச்சி முடி. முடிச்சிட்டு, நாளைலருந்து எனக்காக விடு."