டி டிரைவில் நிற்கும் பஸ்

பறை உச்சத்துக்குப் போயிருந்தது. பாடைத் தேர் கட்டியாயிற்று, தூக்கவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து வீடியோக்கார ராமன், மெமரி கார்டு நிரம்பிவிட்டது என்று உள்ளே ஓடிவந்தார். மாற்றுக் கார்டு தொலைவில், சிங்கப்பெருமாள் கோவில் பஜாரில் அவர் கடையில் கிடந்தது.

இசைவாணி எழுந்துவிட்டாள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. தம்பி நிலவனுக்கோ சிங்கப்பூரில் லீவு தரவில்லை. அப்பா தணிகாசலம் போவதைப் பார்க்க அக்காவுக்கும் தம்பிக்கும் அந்த கேமரா ஒன்றுதான் கண்.

காலையில் எடுத்ததை அழித்தால் இடம் கிடைக்கும் என்றார் ராமன். அத்தை கங்கம்மாளின் ஒப்பாரி சட்டென்று நின்றது.

“எங்கண்ணனுக்கு நா அழுதத அழிச்சின்னா, மறுக்கா மொதல்லேர்ந்து அழுவணும். தொண்ட போச்சு நைனா.”

ஆகவே எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றவேண்டும். அது நிலவன் கேம் ஆடுவதற்கென்றே பார்த்துப் பார்த்து அசெம்பிள் செய்த பெட்டி. சி, டி இரண்டு டிரைவும் இடமில்லாமல் சிவப்புக் கோட்டில் நின்றன. இசைவாணி தம்பியைப் போனில் பிடித்தாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவன், ஃபுட்பால் கேமை எடுத்துவிடவா என்றதும் தெளிந்துவிட்டான். அதில் கப் ஜெயித்திருக்கிறானாம், கை வைக்கக் கூடாதாம். பதிலுக்குச் சண்டை கேமைத் தந்தான். பத்தவில்லை. கார் ரேஸையும் விட்டுக்கொடுத்தான். வெளியிலிருந்து மாமா, ராகுகாலம் வந்துவிடும் என்று கத்தினார். கப்பும் போயிற்று. கோடு இன்னும் சிவப்பு.

மிச்சம் பஸ் கேம்தான். ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்து, கைகால் கழுவி, லுங்கிக்கு மாறி, அப்பா மறுபடி பஸ் ஓட்ட உட்காருவார். பகலெல்லாம் ஓட்டியது போதாதா என்று கேட்டால், இதில் சூப்பர்வைசர் எவனும் ஏறுவதில்லை என்பார். மேஜை விளிம்பில் அவருக்காகவே நிலவன் மாட்டிக்கொடுத்த ஸ்டியரிங்.

அதையும் எடுத்துவிடவா என்று கேட்டாள் இசைவாணி.

“டேய், லைன்ல கீறியா?”

“அது வேணாங்க்கா.”

“அப்ப அவுரு போறத நீ பாக்கமாட்ட. நானுந்தான்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. “சரி. எடுத்துடு.”

எடுக்கச் சொன்னதும், ஆட்டத்தில் சேமித்து வைத்திருப்பதையும் சேர்த்து அழிக்கவா என்று திரை கேட்டது. அப்பா கடைசியாக நிறுத்திவிட்டு எழுந்த பஸ் அதில்தான் நிற்கிறது. டி டிரைவில் அது பிடிக்கிற இடமோ தூசியளவு. வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

கோடு நீலமானது. ராமன் கார்டைச் செருகிவிட்டு, மாமாவின் வசவு உள்ளே வர வர, காலை மாற்றி மாற்றி நின்றார். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியதும் கார்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். வெடி வெடித்தது. பறை மறுபடி எகிற, தேர் ஆடி அசைந்து கிளம்பியது.

தெருமுனைவரை போய்த் திரும்பிய பெண்கள், வாசலிலிருந்து தண்ணீரைக் கொட்டி வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். இசைவாணி கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். ஈரத்துணியால் மேஜையைத் துடைத்தாள். ஸ்டியரிங் இடப்பக்கம் ஒடித்தபடி நின்றது. அதைச் சுற்றி மட்டும் துடைத்தாள்.