பனியில் மட்டும் இருமிய கார்

ராஜவேலு வரப்போகிறார் என்பது செந்தாமரைக்கு முந்தின நாள் மத்தியானமே தெரிந்துவிட்டது. திருப்பத்தூரில் பழைய கார்களை வாங்கி, பிரித்து, பாகம் பாகமாக விற்கிறவர் அவர். அவரை வரச் சொன்னது வேறு யாருமில்லை, அவள் கட்டிக்கொண்ட குணசீலனேதான். காலையில் வருவார், பார்ப்பார், கயிறு கட்டியாவது இழுத்துக்கொண்டு போய்விடுவார். கார் போனால் செந்தாமரையின் டிரைவர் வேலையும் கூடவே போய்விடும். அப்புறம் சாமைக் கொல்லையும் மாட்டுக் கொட்டகையும்தான்.

அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தவில்லை. ராஜவேலு வருவதற்குள் கோளாறு என்னவென்று கண்டுபிடித்துவிட்டால் காரை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டாள், படுத்தாள், தூங்கிவிட்டாள்.

கார் ஒன்றும் புதுசில்லை. அவள் பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே ரோட்டில் ஓடிய வெள்ளைக் கார். கை மாறிக் கை மாறி ஜவ்வாது மலைக்கு வந்து சேர்ந்தது. அதில்தான் மூன்று வருஷமாக மலைக்காரர்களைக் காலையில் அடிவாரத்தில் இருக்கும் படவேட்டுக்கு இறக்கிக்கொண்டு போகிறாள். புளிக்கூடையோடு ஏறுகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் என்று தினமும் கார் நிறைந்துவிடும். வளைவுகளில் அவள் ஹாரன் சத்தம் கேட்டாலே எதிரில் வருகிற பஸ்காரர் ஒதுங்கி வழிவிடுவார்.

இப்போது ஆடி கழிந்ததிலிருந்துதான் இந்தச் சங்கடம். ஊர் இருப்பது பள்ளத்தில். முதலில் ஒரு மேடு ஏறினால்தான் மலைரோட்டைப் பிடிக்க முடியும். அந்த மேட்டில் இன்ஜின் விட்டு விட்டு அடிக்கும், சளி பிடித்த ஆள் மாதிரி இருமும், கார் முழுக்கக் குலுங்கும். மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்பார்கள். சில நாள் வரும், சில நாள் வராது. வெயில் ஏறிவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி சமர்த்தாக ஓடும்.

படவேட்டு மெக்கானிக் தீர்த்தகிரி மூன்று தடவை பார்த்தார். பிளக்குகளை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், எல்லா இடத்தையும் துடைத்துச் சுத்தம் பண்ணினார். அவர் கடை வாசலில் நிற்கும்போது கார் ஒரு தடவைகூட இருமவில்லை. மூன்று தடவையும் வீட்டுக்கு வந்த மறுநாள் நன்றாக இருக்கும், அதற்கடுத்த நாள் மறுபடியும் இருமல். கார்மேல் தப்பில்லை, உங்கள் மலைமேல்தான் தப்பு என்று அவர் கையை விரித்துவிட்டார்.

செந்தாமரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. மலையும் பனியும் போன வருஷமும் இருந்ததுதானே. ஈரத்தில்தான் இருமுகிறது என்றால் சரி, ஆனால் அந்த ஈரத்தோடு சேர்ந்துகொள்ள இந்த வருஷம் புதுசாக ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

விடிந்தபோது வாசலில் நல்ல பனி. அவளுக்கு ஏக சந்தோஷம். நோய் இருக்கும்போதுதானே வைத்தியம் பார்க்க முடியும். குணசீலன் வழக்கம்போல அவளுக்கு முன்னால் எழுந்து மாட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். இன்ஜின் ஓட ஆரம்பித்தது, பனி கனமாக இருந்ததால் நின்ற இடத்திலேயே இருமியது. உடனே தீர்த்தகிரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தாள்.

"அடடே, இதான் அதுவா," என்றார் தீர்த்தகிரி. "என் கடைல ஒரு தபா கூட இத்த நான் கேக்கலியேம்மா. எங்கியோ கரண்ட் லீக் ஆவுது. பகல்ல கண்ணுக்குத் தெரியாது. கம்பளி கீதா வூட்ல? அத்த மேல போத்திக்கினு உள்ள தலைய வுட்டுப் பாரு. முடிய நல்லா கட்டிக்கோ, இன்ஜின் காத்தாடிகிட்ட போவாத, எதையும் தொடாத."

கொண்டையை இறுக்கி, துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டாள் செந்தாமரை. அந்த வழியாகப் பால் கறக்கப் போன செந்தாமரையின் நாத்தனார் தேவயானி நின்று வேடிக்கை பார்த்தாள். அண்ணிக்குச் சளியா, காருக்குச் சளியா, யாருக்கு ஆவி பிடிக்கிறீர்கள் என்று குணசீலனைக் கேட்டுவிட்டுப் போனாள். அவன் சிரிக்கவில்லை.

உள்ளே இருட்டு, பெட்ரோல் வாசனை, நடுங்குகிற இன்ஜின். கண் பழக ஆரம்பித்ததும் தெரிந்தது. இன்ஜினுக்குப் பின்பக்கம், குனிந்தால்தான் கண்ணில் படும் இடுக்கில், கிண்ணம் மாதிரி ஒரு கறுப்பு மூடி இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் என்பார்கள். நான்கு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு பிரித்து அனுப்புவது அதுதான். அந்த மூடியின் மேல் நீல நூல் மாதிரி ஒரு நெருப்பு ஓடியது. நின்றது, மறுபடி ஓடியது. அது ஓடும்போதெல்லாம் இன்ஜின் இருமியது.

நெருப்பு கண்டபடி ஓடவில்லை. கோடு போட்ட மாதிரி ஒரே தடத்தில் ஓடியது. செந்தாமரை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். கோடேதான். ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று கோடு, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

கம்பளியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இன்ஜினை நிறுத்தச் சொன்னாள்.

"கண்டுபிடிச்சிட்டேண்ணா," என்றாள் போனைப் பார்த்து. "மூடி மேல யாரோ விபூதிப் பட்டை போட்டுகிறாங்க."

 போனில் தீர்த்தகிரி சிரிக்க ஆரம்பித்தார். "நான் தூசுன்னு இல்ல நெனச்சிக்கினு ஒவ்வொரு தபாவும் தொடச்சேன். சாம்பல் காஞ்சி கெடந்தா ஒண்ணியும் பண்ணாதும்மா. பனில ஊறிச்சின்னா கரண்ட் அதுமேல வழி பண்ணிக்கும். தொடச்சிட்டுப் பாரு. அப்பறம் மூடி மேல வெறும் தண்ணிய லேசா தெளிச்சும் பாரு. அப்பவும் இருமலன்னா, விபூதி தான் ஆளு."

அவர் சொன்னபடியே மூடியைத் துடைத்துக் காயவைத்தாள். குணசீலன் ஸ்டார்ட் பண்ணினான். ஒரு குலுக்கல் இல்லை. தண்ணீர் தெளித்தாள். அப்போதும் இல்லை. பனி இருந்தது, ஈரம் இருந்தது, இருமல்தான் இல்லை. தீர்த்தகிரிக்கு நன்றி சொல்லி போனை வைத்தாள்.

அதற்கப்புறம்தான் குணசீலன் பக்கம் திரும்பினாள். அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் அவளுக்கு முன்னால் எழுகிற ஆள் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான்.

"எத்தினி நாளா மாமா?"

"ஆடில இருந்து," என்றான். "மலைரோட்டு வளைவுல அந்த டெம்போ கவுந்துச்சே, அன்னிலருந்து. படவேட்டு அம்மன் கோயில் விபூதி. கண்ணாடில பூசுனா நீ மறைக்குதுன்னு தொடச்சிட்ற. அதான் உள்ள பூசுனேன். கறுப்பா, வழவழன்னு கீதே, அதான் வண்டிக்கு நெத்தின்னு நெனச்சேன்."

"இருமுனப்புறமும் பூசுனியா?"

"இரும இருமதான் அதிகமா பூசுனேன்."

செந்தாமரைக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த டெம்போ மாதிரி காரும் கவிழ்ந்துவிடுமோ என்று பயந்து இவன் பூச, பூசினதால் கார் இரும, இருமியதால் இவன் இன்னும் பயந்து ராஜவேலுவையே கூப்பிட்டிருக்கிறான். விற்கத் துடித்தவனுக்குக் காசு ஆசை என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வாயைத் திறந்து பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னவாம்.

"பயம் வண்டிக்கா, எனக்கா?" என்று கேட்டாள்.

"உனக்குத்தாம்மே."

"அப்ப என் நெத்தில பூசு. நான் தொடைக்க மாட்டேன். வண்டி நெத்திய உட்டுடு."

சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவன் பூசினான். கொஞ்சம் மூக்கிலும் விழுந்தது. நீயே சொல்லு, காரை என்ன பண்ணலாம் என்று அவள் கேட்டாள். அவன் இறங்கிச் சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டு அவள் ஓட்ட ஆரம்பித்தாள்.

மேட்டைப் பனி மூடியிருந்தது. இரண்டாவது கியரில் அதே மேட்டில் கார் ஒரே மூச்சில் ஏறியது. குணசீலன் கதவுக் கைப்பிடியை விடவேயில்லை, ஆனால் மெதுவாகப் போ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மேலே புளியமரத்து நிறுத்தத்தில் படவேட்டுக்குப் போகிறவர்கள் கூடைகளோடு நின்றார்கள். அவர்களோடு ஜீப்பை நிறுத்திவிட்டு, தோளில் இழுவைக் கயிறோடு ராஜவேலுவும் நின்றுகொண்டிருந்தார்.

குணசீலன் இறங்கினான். இறங்கும்போதே ஒரு கூடையை வாங்கி டிக்கியில் வைத்தான்.

"வந்ததுக்கு வூட்ல டீ குடிச்சிட்டுப் போங்க," என்றான் ராஜவேலுவிடம். "வண்டி குடுக்கறதுக்கில்லீங்க. என் சம்சாரம் ஓட்டிக்கினு கீது."