துண்டுக்குள் ஒரு கை

வக்கீல் இன்னாசிமுத்துவை திண்டுக்கல் கோர்ட்டில் யாரும் பேர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. மிலிட்டரி என்றுதான் சொல்வார்கள், எனக்கு மட்டும் இன்னாசி அண்ணன். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, நரைத்த தலையோடு சட்டக் கல்லூரிக்குப் போய்ப் படித்து வந்தவர். காலையில் பூசை பார்க்காமல் கோர்ட்டுக்கு வரமாட்டார். வாதாட எழும்போது நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார். சாட்சிக்குப் பொய் சொல்லிக்கொடுக்க மாட்டார். அதனாலேயே கட்சிக்காரர்கள் கம்மி. நான் அரசு வக்கீல். "அண்ணே, ஆண்டவரே இறங்கி வந்து வக்காலத்துப் போட்டாத்தான் உங்களுக்குக் கேஸ்" என்று வம்புக்கு இழுப்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அவருக்கு இன்னொரு வேலை உண்டு. அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் எனக்கு டீ தொண்டையில் இறங்காது. பிணவறையில் யாரும் கேட்டு வராத பிணங்களை, போலீஸில் முறைப்படி அனுமதி வாங்கி, இடுகாட்டில் அவரே அடக்கம் செய்வார். ஊரில் குடியிருக்கிறவனுக்கு இதுவும் ஒரு கடமை என்பார். சிப்பாய் செத்தால் கழுத்துத் தகடு ஒன்று உடம்போடு இருக்கும், இன்னொன்று திரும்பி வருமாம். அதே மாதிரி இவரும் இரண்டு தகர வட்டம் வெட்டி, ஆணியால் ஒரே நம்பரைப் பொறித்து, ஒன்றைப் பிணத்தின் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டுவார். மற்றது மேலே நடும் கல்லில் இருக்கும். குழியில் இறக்கும் முன் வாசலைப் பார்த்து நின்று, கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரியே மூன்று தடவை சத்தம் போடுவார்: "இவருக்கு உரிமைப்பட்டவங்க யாரும் இருக்கீங்களா?" ஒருநாளும் பதில் வந்ததில்லை. பிறகு ஒரு ஜெபம், அப்புறம் மண்.

அப்படிப்பட்ட மனுஷரிடம்தான் கௌசல்யா வந்து சேர்ந்தாள். ஊர் அய்யலூர்ப் பக்கம், வேலை வேடசந்தூர் நூல் மில்லில். புருஷன் தங்கமுத்து ஆட்டு வியாபாரி. ஏழு வருஷத்துக்கு முன்னால் சந்தைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. மில்லில் ஃபிட்டராக இருக்கும் அழகுராஜா அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தான். அதற்கு, தங்கமுத்து இறந்துவிட்டான் என்று கோர்ட் சொல்ல வேண்டும். ஏழு வருஷம் ஒருவனைப் பற்றிச் சொந்தபந்தம் யாருக்கும் ஒரு தகவலும் இல்லையென்றால், இறந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். தகவல் இருக்கிறது என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டால் மனு படுத்துவிடும்.

"செத்தாருன்னு சொல்லுங்கன்னு நான் கேக்கல சார்," என்று அவள் கூண்டில் நின்று சொன்னாள். "இருக்காரா இல்லையான்னு யாராச்சும் சொல்லுங்க. ரெண்டுக்கும் நடுவுல எம்புட்டு நாளைக்கு நிக்கிறது?"

தகவல் சொல்ல ஒருவன் வந்தான். தங்கமுத்துவின் தம்பி பாண்டியராஜ், அவனும் ஆட்டு வியாபாரிதான். அண்ணன் உயிரோடு இருக்கிறார், மதினி மனுவைத் தள்ள வேண்டும் என்றான். பொய் சொல்ல வருகிறவன் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். இவன் முகம் அப்படி இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"கடைசியா அண்ணனை எப்பப் பாத்தீங்க?" என்று இன்னாசி அண்ணன் கேட்டார்.

"மூஞ்சியப் பாக்கல சார். கையத்தேன். போன சந்தையில."

எங்கள் பக்கத்துச் சந்தையில் ஆட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேரும் கை கொடுத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். படியாதவரை பிடி தளராது. படிந்துவிட்டால் கையை விட்டுவிடுவார்கள்.

"துண்டப் போட்டு எவன்கூட விலை பேசுனாலும், உள்ள இன்னொரு கை வருது சார்," என்றான் பாண்டியராஜ். "எங்கண்ணன் கை. சில்லுன்னு இருக்கு. புடிச்சா விடமாட்டேங்குது. சந்தைக்குச் சந்தை வருது. செத்தவன் கை எப்படி சார் வரும்?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன், உடனே எழுந்து, மனுவில் எதிர்த்தரப்பான அரசுக்காக என் கடமையைச் செய்தேன். சாட்சிக்குத் தகவல் உண்டு, ஆகவே மனு நிற்காது என்றேன். இன்னாசி அண்ணன் 'இவன் பொய்யன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் உட்கார்ந்திருப்பேன். அவர் அவனையே செத்த நேரம் பார்த்தார். "இவர் பொய் சொல்லலைங்க ஐயா," என்றார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. கட்சிக்காரி தலையில் அவள் வக்கீலே கல்லைத் தூக்கிப் போட்டால் எப்படி? கௌசல்யா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை.

ஜட்ஜ் ஐயா பேனாவை எடுத்தார். உத்தரவுக்கு முன் ஒரு சம்பிரதாயம் பாக்கி இருந்தது. மனுவில் தங்கமுத்துவும் ஒரு கட்சி. பேப்பரில் விளம்பரம் கொடுத்தாகிவிட்டது. வாசலில் அவன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று பதிய வேண்டும். கூப்பிடுகிறவர் டவாலி அழகர். இருட்டில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் நம் ஆட்கள் பதில் கொடுப்பார்கள். பேய் மூன்றாம் தரம் கூப்பிடாது என்று ஒரு நம்பிக்கை. இங்கே கூப்பிடுவது நாம், பதில் கொடுக்க வேண்டியது அவன். அழகருக்கு அன்றைக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாசலுக்குப் போனவர் கொஞ்சம் தயங்கினார். இன்னாசி அண்ணன் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார், நானும் பின்னால் போனேன்.

"தங்கமுத்து!"

வராண்டாவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"தங்கமுத்து!"

ஆட்டு வாடை அடித்தது. கோர்ட்டுக்குள், உச்சி வெயிலில். பாண்டியராஜ் சட்டையிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டேன். அவன் கூண்டில் உள்பக்கம் நின்றான். வாடை வாசலிலிருந்து வந்தது.

"தங்கமுத்து!" அழகரின் குரல் உடைந்தது.

வாசலை ஒட்டி நின்ற இன்னாசி அண்ணனின் வலது கை மெல்ல நீண்டது. கட்டை விரல் மேலே, உள்ளங்கை பக்கவாட்டில், ஒருவருக்குக் கை கொடுக்கிற மாதிரி. எதிரே யாரும் இல்லை. நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன், சத்தியமாக யாரும் இல்லை. அவர் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. யாரோ மடக்கிவிடுகிறார்கள். முகத்தில் ரத்தம் வற்றிப்போய், இடது கை பாக்கெட்டில் ஜெபமாலையைத் தேடியது.

பிறகு பிடி விட்டது. உள்ளங்கையைத் திறந்தார். ஒரு தகர வட்டம், அதைச் சுற்றி ஈரச் செம்மண். அந்த வருஷம் எங்கள் பக்கம் மழையே இல்லை.

"என்ன அது?" என்றார் ஜட்ஜ்.

"நான் வெட்டுன தகடுங்க ஐயா. நாப்பத்தொன்னாம் நம்பர். ஏழு வருஷத்துக்கு முன்னால கிணத்துல எடுத்த ஒரு பிணத்தோட கழுத்துல கட்டிப் புதைச்சது."

"இங்கே எப்படி வந்தது?"

"என் கையில குடுத்தாங்க. குடுத்தது யாருன்னு நான் பாக்கலைங்க. பாக்காததச் சொல்லமாட்டேன்."

கூண்டுக்குள் பாண்டியராஜ் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"கிணத்துல ஒரு பொணம் கெடக்குன்னு போலீஸ் கூப்புட்டாக ஐயா. அண்ணன் காணாமப் போன அதே வாரம். போனேன். மூஞ்சின்னு ஒன்னு இல்ல. துண்டப் போட்டு கையப் புடிச்சுப் பாத்தேன். அம்புட்டு மொத்தமா இருந்துச்சு. எங்கண்ணன் கை இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அண்ணன் காலுக்குள்ள ஆஸ்பத்திரியில இரும்புத் தகடு வச்சிருக்குன்னு சொல்லக்கூடத் தோணல. சின்னப் புள்ளையில இருந்து புடிச்ச கை தப்பாப் போகுமான்னு நெனச்சேன். தண்ணியில ஊறுனா கை உப்பும்னு எனக்குத் தோணலையே!"

கௌசல்யா கூண்டருகே வந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கொழுந்தனாரே," என்றாள். "நான் வந்து பாத்திருப்பேனே."

தாசில்தார் முன்னிலையில் அந்தக் குழியைத் தோண்டினார்கள். ஆட்டு வேன் கவிழ்ந்தபோது ஆஸ்பத்திரியில் வைத்த எஃகுத் தகடு இடது கால் எலும்பில் அப்படியே இருந்தது. கழுத்துப் பக்கம் இன்னாசி அண்ணன் கட்டிய நைலான் கயிறும் இருந்தது, அவர் போட்ட முடிச்சு அவிழாமல். அதில் கோத்த தகரம் மட்டும் இல்லை. பரிசோதனை அறிக்கையும் வந்தது. தங்கமுத்துதான். ஜட்ஜ் ஐயா உத்தரவில் கால் எலும்பைப் பற்றி விவரமாக எழுதினார். கையில் வந்த தகட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுபடி அடக்கம் செய்த அன்று நானும் போனேன். எதிர்க்கட்சி வக்கீலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள், வீட்டில் இருக்க முடியவில்லை. வெள்ளைத் துணியில் சின்ன மூட்டையாகக் கட்டியிருந்தார்கள். மேலே புதுத் தகரம். இந்தத் தடவை நம்பர் இல்லை, பெயர். இன்னாசி அண்ணன் வழக்கம்போல வாசலைப் பார்த்து நின்றார்.

"இவருக்கு உரிமைப்பட்டவங்க யாரும் இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள் கௌசல்யா.

அடுத்த தடவை கூப்பிட அவரால் முடியவில்லை. பட்டாளத்துக்காரர், என் முன்னால் தேம்பி அழுதார்.

கௌசல்யா பாண்டியராஜிடம் போய் அவன் தோளிலிருந்த துண்டைக் கேட்டு வாங்கினாள். மூட்டைக்கு மேல் விரித்தாள். குனிந்து, துண்டுக்குள் வலது கையை விட்டாள். வாசலில் நின்ற அழகுராஜா இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டான். அவள் தோள் ஒரு தடவை வெடுக்கென்று முன்னால் போனது.

"நான்தேன் வந்திருக்கேன்," என்றாள் மெதுவாக. "உங்க தம்பி மேல கோவம் வேணாம். அவருக்குத் தெரியல. நான் போறேன், என்ன?"

வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டைச் சுற்றி நாலு விரல் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. அவள் அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. துண்டை மடித்துக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னாள்:

"விட்டுட்டாரு."