மேல் சுவர் வழியாகப் போன இழை

1

பூபதி கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாததால் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: 'எங்கள் மலைமேல், வளப்பூர் நாட்டில் மழை விடாமல் பெய்த ஒரு—'

வேண்டாம். மழை பெய்யவில்லை.

2

என் மனைவி யமுனா கணினிக்குள் புரதத் துளைகள் செய்தாள். மெல்லிய சவ்வில் பதிந்த, கண்ணுக்கே தெரியாத துளை. மின்னழுத்தம் இழுக்க, டி.என்.ஏ. இழை அதற்குள் நுழைந்து மறுபக்கம் போகும். போகும்போது மின்னோட்டம் மாறுவதை வைத்து இழையின் எழுத்துகளைப் படிக்கலாம். சிக்கல் என்னவென்றால், இழை படிக்க விடாமல் ஓடிவிடும். மெதுவாக விடும் துளை ஒன்றை அவள் தேடினாள். நோய் முற்றி வீட்டோடு ஆனபிறகும், சேலத்து ஆய்வகக் கணினியை இங்கிருந்தே ஓட்டினாள்.

(இந்தப் பத்தி கட்டுரைபோல இருக்கிறது. அவள் படித்திருந்தால் பாதியை அடித்திருப்பாள்.)

3

இறப்பதற்கு முந்தின நாள் மதியம் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. தாண்டிருச்சு!"

திரையில் ஒரு படத்தில் இழை துளைக்கு மேலே. அடுத்ததில் கீழே.

"இதுக்கா இந்தச் சத்தம்?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு வாசல் நிலவுல தலைய முட்டிக்கிட்டீங்களே, அப்படி இல்லீங்க. பாந்தமா நுழைஞ்சு போயிருக்குது."

பிறகு கஞ்சி கேட்டாள். ஒரு டம்ளர் முழுதும் குடித்தாள். பல நாளாக இரண்டு வாய்க்குமேல் இறங்கியதில்லை.

(சாகப்போகிறவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்தால் வாசகர் நம்புவாரா? குறைத்து எழுதிப் பார்த்தேன். அது அவளாக இல்லை.)

4

போன வாரம் பூபதி பஸ் ஏறி வந்தான். ஆய்வகத்தில் அவளோடு வேலை செய்தவன். அவளை அக்கா என்பான்.

"மாமா, அது தாண்டலீங்க."

கணினியில் இருப்பது ஒரு சின்னத் தண்ணீர்ப் பெட்டி. மேல் சுவர் வழியாக வெளியேறுவதைக் கணினி கீழ்ச் சுவர் வழியாக உள்ளே கொண்டுவரும். மின்னழுத்தத்தின் கூட்டல்-கழித்தல் குறி தலைகீழாகிவிட்டது. இழை மேலே போய், வெளியேறி, கீழே வந்திருக்கிறது. துளைப் பக்கமே போகவில்லை. மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காததால் யமுனா நூறு படத்துக்கு ஒன்றைத்தான் இறக்கிப் பார்த்தாள். நடுவில் நடந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"நீ பாக்கலையா?"

"அக்கா சந்தோஷத்துல நானும் பாக்காம உட்டுட்டேனுங்க." தலையைக் குனிந்துகொண்டான். "நாங்க எழுதுன ஆய்வுக் கட்டுரையில அந்தப் படத்த எடுத்துட்டு, தாண்டலைன்னு எழுதணும். அக்கா பேருதான் முதல்ல வரும். நீங்க சரின்னாத்தான் அனுப்புவேன்."

"மாட்டேன்னா?"

"பொய்ய அச்சடிக்க முடியாதுங்க மாமா. கட்டுரையவே உட்டுருவேன்."

5

முடிவு ஒன்று: சரி என்கிறேன். பூபதி குறியைத் திருத்தி மறுபடி ஓட்டுகிறான். இம்முறை இழை நிஜமாகவே துளைக்குள்— (இதை எழுதுவது சுலபம். ஆனால் ஓட்டிப் பார்க்காததை அவள் எழுத விடமாட்டாள்.)

முடிவு இரண்டு: மாட்டேன் என்கிறேன். அந்த மதியம் அப்படியே இருக்கும். அவள் பெயர் எங்கும் இருக்காது.

மூன்றாவது முடிவில் அவளே எழுந்து வந்து— இல்லை.

6

எது சரி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 'சரி' என்ற அந்தச் சொல் வாய்க்கு வரும்போதெல்லாம் அந்தக் கஞ்சியை அவள் கையிலிருந்து நானே பிடுங்குவதுபோல இருக்கிறது.

நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. அவள் சத்தம் போட்டு என்னைக் கூப்பிட்டதைக் கேட்டதில்லை. ஆகவே என் போனிலிருந்து பூபதியைக் கூப்பிட்டு அந்தச் சொல்லை நீங்களே சொல்லுங்கள். எடுத்ததும், "சொல்லுங்க மாமா" என்பான்.

'நான் மாமா இல்லை' என்று திருத்தாதீர்கள்.